ஆள் உட்காராத மிஷின்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எனக்குக் கம்பெனி கேட்டில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரில்தான் தெரிந்தது. போன வாரம், காலை ஷிஃப்டுக்கு வண்டியை நிறுத்தும்போது பார்த்தேன். மடத்துக்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பாம். படத்துக்குக் கீழே "கடமையின் சிகரமே" என்று போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்தச் சிகரத்திடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிய கம்பெனிதான் இது. பெருமாநல்லூரில் எங்களோடு வேலை பார்த்த எல்லாருக்கும் அந்தக் கடிதம் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்கா எங்கள் பனியன் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொண்டவர். நான் பேட்டர்ன் செக்‌ஷனில் துணி வெட்டும் வடிவங்களுக்குக் கம்ப்யூட்டரில் அளவு போடுகிறவன். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் அறை மூலையில் நின்ற ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் பேட்டர்ன் எல்லாம் அதில்தான் இருந்தன. தினமும் சாயங்காலம், அன்றைக்கு மாறிய ஃபைல்களை மட்டும் தனி டிஸ்க்கில் பேக்கப் எடுப்பார். "மாறாதத எதுக்குங்க தெனமும் தூக்கிச் சொமக்கோணும்?" என்பார்.

ஒரு சனிக்கிழமை. அக்கா லீவு. ஷிப்மெண்ட் அவசரத்தில் என் கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது. எங்கள் தையல் லைனில் என்ன வழக்கம்? ஆள் வராத மிஷினில் பார்ட்ஸைக் கழற்றி, ஓடுகிற மிஷினுக்கு மாட்டுவோம். புரொடக்‌ஷன் மேனேஜர் சர்வரைக் காட்டினார்.

"அதுல ஆளே உக்கார்றதில்லையேப்பா, சும்மாதான நிக்குது? ஒரு மெமரியக் கழட்டி உன்றதுல மாட்டிக்க."

சர்வரில் இருந்த இரண்டு ரேம் அட்டைகளில் ஒன்றைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஆமாம், நான்தான்.

திங்கட்கிழமை பேக்கப் பாதியில் நின்றது. மெமரி போதவில்லை என்று திரையில் வந்தது. எது மாறியது என்று ஒப்பிட, இருக்கிற அத்தனை ஃபைல்களின் பட்டியலையும் அது முதலில் மெமரியில் ஏற்ற வேண்டும். அக்கா மற்ற புரோகிராம்களை மூடிப் பார்த்தார். மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் இடம் ஒதுக்கிப் பார்த்தார். ஊர்ந்து போய் மறுபடியும் நின்றது. கடைசியில், மொத்த மெமரியே பாதிதான் காட்டுகிறது என்று கண்டுபிடித்து மேனேஜரிடம் வந்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"சார், சர்வர அரை மணி நேரம் நிறுத்தித் தெறந்து பாக்கோணுங்க. ஒரு மெமரி செத்துப்போச்சாட்ட இருக்குதுங்க."

"ஷிப்மெண்ட் போகட்டும்மா. அதுவரைக்கும் அதத் தொடாதீங்க."

மெமரி எங்கே போனது என்று மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. மொத்தமாக எடுக்காமல் ஒவ்வொரு பையரின் ஃபோல்டரையும் தனித்தனியாக பேக்கப் எடுத்தார். எல்லாம் தேறின. நான் அளவு போடும் பையருடையது மட்டும் நின்றது. ஆயிரக்கணக்கான ஃபைல்களை நான் ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்திருந்தேன், அதற்கு மேல் பிரிக்க வழியில்லை. "இன்னிக்கு மாத்துனத மட்டும் ஒரு சிடில போட்டுக் குடுங்க தம்பி" என்று தினமும் கேட்டார். "நாளைக்குங்கக்கா" என்றே ஒரு வாரத்தை ஓட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை சர்வர் டிஸ்க் போனது. மற்ற பையர்களின் பேட்டர்ன் எல்லாம் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டன. என்னுடையதில் ஒரு வார வேலை போயிற்று. திரும்பி வந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "பேக்கப் எடுக்கத் தவறியதற்கு மன்னிக்கவும்" என்று மேனேஜர் சொல்லச் சொல்ல அக்கா கடிதம் எழுதினார்.

புது டிஸ்க் மாட்டச் சர்வரைத் திறந்தபோது காலி இடத்தைப் பார்த்திருக்கிறார். யாருடைய கம்ப்யூட்டர் திடீரென்று திணறாமல் ஓடியது என்று யோசித்திருக்க வேண்டும், நேராக என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கழட்டுனதுகூடப் போகட்டுங்க தம்பி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற வழி பண்ணியிருப்பேன். அத ஏனுங்க சொல்லல?"

நான் திரையைப் பார்த்தபடி அளவு போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றிப் பட்டன் பைகளை அடுக்க வைத்தார்கள், அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். நேற்று இரங்கல் கூட்டத்தில் அதே மேனேஜர் மைக்கைப் பிடித்து "நம்ம குடும்பத்துல ஒருத்தர்" என்றார். மைக்கைப் பிடுங்கக் கை துறுதுறுத்தது. பிடுங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

அந்த மெமரி இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவின் கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் நானும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கழற்றச் சொன்னது மேனேஜர், கழற்றியது நான், எஸ்தர் அக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லை. கீழே என் கையெழுத்து. நாளைக் காலை அதை மடத்துக்குளத்தில் அவர் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவேன், இது தெரிந்த பிறகும் எனக்கு வேலை இருந்தால்.