முறைதானே, பேசட்டும்

எங்களைத் திட்டி, என்னை வீட்டில் பூட்டி வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்குப் பக்கத்துத் தோப்பை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கியது. அந்த வீட்டுப் பையனும் நானும் சித்தூரில் பிளஸ் டூ படித்தோம். பஸ் வரும்வரை நான் அவனுக்கு மலையாளம் எழுதச் சொல்லிக்கொடுப்பேன், அவன் எனக்குக் கணக்கு போட்டுக் காட்டுவான். மற்ற நேரமெல்லாம் வெட்டிப் பேச்சுதான். அவனுடைய நாய் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று, வீட்டில் அழ வெட்கப்பட்டு, பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். எதற்கெடுத்தாலும் அவனைக் கிண்டல் செய்கிற நான் அன்றைக்கு என் கர்சீப்பை எடுத்துக் கொடுத்தேன். எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். அது எனக்குச் சின்ன விஷயமில்லை.

மாங்காய் சீசனில் ஒரு நாள் எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். அவன் ஏதோ சொல்ல, எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அத்தை பார்த்துவிட்டாள். சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. என்ன பேசினோம், எதற்குச் சிரித்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"அந்தப் பையன் என்ன கூட்டம்?"

எங்கள் ஆட்களில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை. வேறு கூட்டம் என்றால் கட்டிக்கொள்கிற முறை. ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ள இந்த இரண்டு வழிதான், மூன்றாவது கிடையாது. விசாரித்ததில் அவர்கள் வேறு கூட்டம் என்று தெரிந்தது. மறுநாளே வீட்டின் முகம் மாறிவிட்டது. ஷெட்டில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்த அதே அத்தை, "முறைதானே, பேசட்டும் உடுங்க" என்றாள். இரண்டு அப்பாக்களும் வேலியோரம் நின்று பேசினார்கள். வேலியை எடுத்துவிட்டால் ஒரே தோப்பு என்ற கணக்கு அவர்களுக்கு உடனே வந்தது. காலேஜ் முடிந்ததும் கல்யாணம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அவன் அம்மா, லோடு ஏற்றும் ஆட்கள் முன்னால் என்னை "மருமகளே" என்று கூப்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவன் தள்ளி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு அப்படி ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். உனக்கு என்று கேட்டேன்.

"எனக்கும் இல்ல. ஆனா இல்லைன்னு சொன்னா இனிப் பேசவே கூடாதுங்கறாங்க."

ஆக, பேச வேண்டுமென்றால் காதலிப்பதாகப் பொய் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். என்ன நியாயம் இது? நாங்கள் உண்மையைச் சொன்னோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிக்க மாட்டீன்னா அப்பறம் என்னத்துக்குடி அவங்கூடச் சிரிச்சே?" சிரிப்பு வந்தது, சிரித்தேன் என்றேன்.

அதன்பிறகு அப்பா தினமும் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அவனை முந்தின பஸ்ஸில் அனுப்பினார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் பாஸானேன். அவன் மலையாளத்தில் என்ன வாங்கினான் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன தை மாசம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது, போனேன். மேடையில் அவன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து மணப்பெண் முன்னால் நிறுத்தினாள்.

"இவளத்தான் மொதல்ல பாத்தோம் கண்ணு. வேண்டாம்னுட்டா."

அந்தப் பெண்ணின் சிரிப்பு சுருங்கியது. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், அப்படி எதுவும் இல்லை, நாங்கள் ஃப்ரெண்ட்ஸ் என்று. அவனும் நிமிர்ந்து, "ஆமா, என் ஃப்ரெண்டு" என்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

அவன் அம்மா பதறிப்போய் மருமகளின் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

"அதெல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சு சாமி. நீ மனசுல வெச்சுக்காதே."