நெய்வேலியிலிருந்து பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு

முதலில் மன்னித்துவிடுங்கள். கடலைப் பற்றி எழுதக் கடற்கரையிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில். பக்கத்துக் கடலுக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் பஸ் ஏற வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வராததால்தான் எழுதுகிறேன். இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கும் செலவுக் கணக்குமாவது பயன்படும்.

புதுச்சேரியில் காலேஜ் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ஃபிங் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆளே நான்தான், அதில் சர்ஃபிங் வேறு என்று அம்மாவுக்கு இன்றும் ஆச்சரியம். போன கார்த்திகையில் ஒரு பெரிய அலை என்னைப் பலகையிலிருந்து தள்ளி அடியிலேயே அமுக்கி வைத்துக்கொண்டது. இருபது விநாடிகூட இருக்காது என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது முடியவே முடியாது என்று இருந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் உயரமான அலை வந்தாலே பலகையைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவேன்.

அந்த மாதிரி அலைகள் இனி ஐப்பசியில்தான். மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்துக் கடல் சும்மா கிடக்கும். "அதுவரைக்கும் என்னாம்மா பண்ணப் போற? மூச்சடக்கி முங்கக் கத்துக்க. அடியில பழகிட்டா மேல பயம் இருக்காது" என்றார் சர்ஃபிங் சொல்லித்தரும் சேகர் அண்ணன். சிலிண்டர் எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போய் வருவது. ஃப்ரீடைவிங் என்கிறார்கள். அதையும் அவரே சொல்லித்தருகிறார்.

அதில் முதல் விதி, தண்ணீரில் தனியாக மூச்சடக்கக் கூடாது. ஒருவர் முங்கினால் இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது தெரியாமல் குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து முகத்தை முக்கிப் பழகினேன். அம்மா கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல், கதவைத் தள்ளிய வேகத்தில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. சேகர் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மயங்கிட்டா உனக்கே தெரியாதும்மா. துணைக்கு ஆள் இல்லன்னா இங்க வராத" என்றார்.

துணைக்கு வந்தவள் ரெஹானா. மந்தாரக்குப்பத்தில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை; பள்ளியிலிருந்து எனக்குத் தோழி, எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். இரண்டு மாதம் நீச்சல்குளத்தில் மாற்றி மாற்றிப் பழகினோம். கடலில் முதல் நிலை தேற நான் பன்னிரண்டு மீட்டர் தொட வேண்டும். இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஆறு மீட்டரில் காதுவலி தாங்காமல் திரும்பினேன். இதற்குள் ரெஹானாவுக்குக் கோயம்புத்தூரில் லேப் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆக அந்தச் சனிக்கிழமைதான் எனக்குக் கடைசி வாய்ப்பு.

காலை 4.50க்கு நெய்வேலியில் பஸ் ஏறினோம். கடலூருக்கு ஆளுக்கு 35 ரூபாய். வடலூர் தாண்டியதும் கண்டக்டர் எங்கள் நீளப் பையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது?"

"கால்ல மாட்டிக்கினு நீந்துற துடுப்புண்ணா" என்றாள் ரெஹானா. "இவ கடல்ல பன்னெண்டு மீட்டர் கீழ போகப் போறா."

"அதுக்கு ஏம்மா அவ்ளோ தூரம்? மைன்ஸ்ல எறங்குனா இன்னும் கீழ போலாமே. டிக்கெட்டும் மிச்சம்."

பஸ்ஸே சிரித்தது. நான் குள்ளஞ்சாவடி வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். லக்கேஜ் டிக்கெட் மட்டும் அவர் போடவில்லை.

6.20க்குக் கடலூர். அங்கிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர், 25 ரூபாய். ஆட்டோவுக்கு 120 கொடுத்துத் துறைமுகம் போனபோது மணி 7.30. படகும் பயிற்சியும் சேர்த்து ஆளுக்கு 2,500. நாற்பது நிமிடம் உள்ளே போய் நங்கூரம் போட்டார்கள். மிதவையிலிருந்து கீழே கயிறு. அதன் நுனியில் ஒரு தட்டு, தட்டில் சிவப்புத் துணி. அதை எடுத்து வர வேண்டும்.

முதல் முறை, ஆறு மீட்டர். காதில் ஊசி குத்தியது. இரண்டாம் முறை ஏழு.

"நான் கோயம்புத்தூர் போய், கல்யாணம் பண்ணி, ரெண்டு புள்ள பெத்துட்டு வந்தாலும் நீ இங்கியேதான்டி தொங்கிகினு இருப்ப" என்றாள் ரெஹானா.

"வலி வந்தப்புறம் மூக்கப் பிடிச்சு ஊதுற. அதான் காது தெறக்க மாட்டேங்குது" என்றார் சேகர் அண்ணன். இதை அவர் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். படகு விளிம்பைப் பிடித்து மிதந்தபடி யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. விட்டால் தரையையே பிளந்துகொண்டு வரும். அதனால் தோண்டுவதற்கு முன்பே இறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வெடிக்கட்டும், பார்க்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. சிறு வயதிலிருந்து சோற்றுத் தட்டோடு கேட்ட பேச்சு. நான் மட்டும் வலிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் முறை, தலை நனைவதற்கு முன்பே ஒரு தடவை மூக்கைப் பிடித்து ஊதினேன். பிறகு கயிற்றை இழுத்து இழுத்து இறங்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் ஊதினேன், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். ஆறு தாண்டியது தெரியவே இல்லை. பச்சை கறுத்துக்கொண்டே வந்தது. நெஞ்சு சின்னதானது போல இருந்தது, ஆனால் பயம் இல்லை. கையில் தட்டு இடித்தது. துணியை உருவினேன்.

மேலே வரும் வழியில் ரெஹானா கீழே இறங்கி வந்து எதிரே நின்றாள். என் கண்ணையே பார்த்தபடி கூடவே ஏறினாள். வெளியே வந்து மூன்று மூச்சு இழுத்தபின் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று கையால் சைகை காட்டினேன். என் உதடு நீலம் பாயவில்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் அவள் கத்தினாள். ஒரு நிமிடம் எட்டு விநாடி. பெருமையாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது.

கரையேறி அப்பாவுக்குப் போன் செய்தேன். "காது வலிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, வூட்டுக்கு வா" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "ஷிஃப்ட் பஸ்ல சொல்லிகினு இருக்கேன், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். போட்டோ இருந்தா அனுப்பு பாப்பா."

போக நினைப்பவர்களுக்கு: சளி இருந்தால் போகாதீர்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். முறையாகக் கற்றவரிடம் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றரை மணிக்குள் புதுச்சேரியை விட்டால் ஆறுக்கு நெய்வேலி வந்துவிடலாம்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. ரெஹானா போய் மூன்று வாரமாகிறது. தனியாக முங்கக் கூடாது என்பதால் நான் நீச்சல்குளத்தில் இறங்கவே இல்லை. ஐப்பசி வருவதற்குள் நான் பழகியாக வேண்டும். நெய்வேலி, வடலூர், பண்ருட்டி பக்கத்தில் நீந்தத் தெரிந்த பெண் யாராவது இதைப் படிக்கிறீர்களா? ஆழம் போகத் தெரிந்திருக்க வேண்டாம், அதை நாம் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். நான் மேலே வரும்போது என் முகத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் வரும்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறேன் என்று கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள்.