ஏர்பேக் வேண்டாமென்று சொன்ன அப்பா

பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பழைய கார் வாங்க வருகிறவர்கள் காரைப் பார்ப்பதே இல்லை. அப்பா அம்மா பிள்ளையைப் பார்ப்பார்கள், பிள்ளை காரின் நிறத்தைப் பார்க்கும், காரைப் பார்ப்பது எங்கள் மெக்கானிக் மணி அண்ணன் ஒருவர்தான்.

ஆஸ்டின் டவுனில் நயாஸ் பாயின் பழைய கார் ஷெட்டில் நான் சேர்ந்தது பியூசி (பிளஸ் டூ) பரீட்சை எழுதிய கையோடு. என் பெயர் கௌதம். வண்டி கழுவுவதும், டெஸ்ட் டிரைவுக்குக் கூடப் போவதும்தான் வேலை. கூடுதல் தகுதி, யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். மெட்ரோவில் கதவு மூடப்போகிறது என்று சொல்லும் பெண், சிக்னலில் கன்னடத்தில் காய்ச்சும் போலீஸ், டீசல் வண்டியின் இருமல், எல்லாம் வரும். பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டு அது திரும்பி வரும்வரை பால்கனியிலேயே நிற்கும் பெற்றோர்களே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத என் இனத்தாரே, இரண்டு கட்சிக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. எழுத உட்கார்ந்ததும் காது சூடாகிறது.

வராத லாரி

ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலைக்கு சூப்பர்வைசர். மகளுக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சின்ன வெள்ளிநிற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மகள் ஓட்ட, மணி அண்ணன் பக்கத்தில், அந்த அம்மாவும் நானும் பின்னால். அம்மா வழியெங்கும் தன் செருப்புக் காலால் தரையை மிதித்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன்னால் ஆளில்லாத சந்தில் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு லாரி ஹார்ன் விட்டேன்.

அந்தப் பெண் முழு பிரேக்கையும் அழுத்திவிட்டாள். வண்டி நேராக, இழுக்காமல் நின்றது. அம்மாவின் நெற்றி முன்சீட்டில் மோதியது. பின்சீட்டில் பெல்ட் போடும் பழக்கம் அவருக்கு இல்லை, போடச் சொல்வது என் வேலை, நான் சொல்லவில்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் மயிரிழையில் ஒதுங்கி, கன்னடத்தில் எங்கள் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனார். மணி அண்ணன் திரும்பி என்னை மட்டும் பார்த்தார். நான் லாரியைத் தேடுவது போல வெளியே பார்த்தேன். அந்த அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, முகமெல்லாம் மலர்ச்சியாக மகளின் தோளில் தட்டினார். ஷெட்டுக்கு வந்ததும் பாயிடம் முதலில் சொன்னது இதுதான்: "லாரி எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல பாய், ஆனா என் பொண்ணு நிறுத்தினா பாருங்க, இந்த வண்டியே போதும்."

பாயின் தொண்டை

ஜூன் மாதத்துச் சாரலில் பாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாள் வெறும் காற்றுதான் வந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட்பவர்களெல்லாம் பாயிடம்தான் பேசுவோம் என்கிறார்கள். பழைய கார் வியாபாரத்தில் ஆளின் குரல்தான் கேரண்டி கார்டு. பாயே சைகையில் சொன்னார், நீ பேசு என்று. நான் அவருடைய கரகரப்பை எடுத்துக்கொண்டேன், கேளுங்க என்பதற்கு அவர் சொல்லும் "சுனோ"வை வாக்கியத்துக்கு ஒன்று போட்டேன், "நம்ம ஷெட்ல பொய் கிடையாது சார்" என்று முடித்தேன். மூன்று நாளில் இரண்டு வண்டி போயிற்று.

இதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். அவர் அனுமதித்துத்தானே பேசினேன். வெட்கம் என்னவென்றால், அந்த மூன்று நாளுக்குப் பிறகு, அடுத்தவர் குரலில் போனில் பேசுவது ஒரு தப்பு என்ற எண்ணமே என் தலையிலிருந்து இறங்கிவிட்டது. நான்காம் நாள் குரல் திரும்பிய பாய் எனக்கு சமோசா வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுச் சொன்னார்: "க்யா ரே, என் பீவிகிட்ட மட்டும் பேசிடாத, அப்பறம் நான் வீட்டுக்குப் போகவே வேணாம்."

நாற்பது கேள்வி சார்

சிவகுமார் சார் ராணிப்பேட்டைக்காரர். ஹெப்பகோடியில் வீடு, அந்தப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். மகன் நிகிலுக்கு என் வயதுதான். காலேஜுக்கு ஓட்டிப்போகக் கார். சார் ஒரு தாளில் நாற்பது கேள்வி அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். பிரேக் பூட்டிக்கொள்ளாத வசதி உண்டா, பின் கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறது, டயர் எந்த வருஷத்தது, இன்ஜின் ரொம்பத் துள்ளாதல்லவா. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தொண்டையைச் செருமி, "அதாவது" என்பார். நான் உடனே அந்த "அதாவது"வை மனதுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

நிகிலின் கண் ஒரு சிவப்பு வண்டி மேலேயே இருந்தது. தாழ்ந்த உடம்பு, கறுப்பு வீல், உறுமும் சைலன்சர். பாய் மறைக்கிற ஆள் இல்லை. சாரை அதில் உட்காரவைத்து சாவியைத் திருப்பினார். சாவி போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். அணையாமல் கிடந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிடப் பெரிய கோளாறு, யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள். சிவப்பு வண்டியில் எரியவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் எங்கோ இடித்து, வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் வெறும் மூடியை ஒட்டி வைத்திருந்தார். சின்னப் பசங்களுக்கு இதை நான் தரமாட்டேன் என்றார் பாய். பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியில் விளக்கு எரிந்தது, அணைந்தது. பார்க்க ரொட்டிப் பெட்டி போல இருக்கும். சார் அதற்கு மொத்தப் பணத்தையும் அங்கேயே அனுப்பிவிட்டார், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நிகில் என் காதருகே வந்து முனகினான்: "இவரு எனக்குக் கார் வாங்கல மச்சா, நாலு சக்கரம் வெச்ச ஹெல்மெட் வாங்கறாரு."

நாலு நிமிஷ அப்பா

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில் நிகில் நின்றான். கையில் அவன் அப்பாவின் போன். ராத்திரி ஷிஃப்ட் முடித்து அவர் தூங்குகிறார், எழுந்திருக்க மூன்று மணியாகும். அவர் குரலில் பாயிடம் சொல்லி வண்டியை மாற்றித்தரச் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்கப் போனில் அந்த "அதாவது"வைச் செய்து காட்டி அவனைச் சிரிக்கவைத்தது நான்தான். அதனால் அவன் கெஞ்சக்கூட வேண்டியிருக்கவில்லை. போனை நீட்டினான், வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன் காரைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. பாயை ஏமாற்ற முடியுமா என்பதுதான் விஷயம்.

பாய் லேசில் விடவில்லை. ஏர்பேக் இல்லையே சார் என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைக்கு நான் செருமினேன். "அதாவது பாய், பையன் ஆசைப்படறான். ஏர்பேக்கெல்லாம் எதுக்கு, மெதுவாத்தான் ஓட்டுவான்" என்றேன். நிகில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அரை மணியில் அவன் ஷெட்டுக்குள் நுழைந்து சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ஓசூர் ரோட்டில், அந்த லாரிகளுக்கு நடுவே, ஹெப்பகோடி வரைக்கும். மணி அண்ணனுக்கு மனசே ஆறவில்லை. அந்த மனுஷன் நாற்பது கேள்வி கேட்டாரே பாய் என்றார். பாய் போனைப் பையில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்: "என்ன பண்றது மணி, புள்ள முகத்தப் பாத்தா எந்த அப்பனும் நாப்பத்தோராவது கேள்விய மறந்துடுவான்."

பதிவு

அன்று மாலையே சிவகுமார் சார் வந்துவிட்டார். சிவப்பு வண்டியை அவர்தான் ஓட்டி வந்தார், நிகில் பக்கத்துச் சீட்டில், இறங்கவே இல்லை. நீங்கள்தானே போனில் மாற்றச் சொன்னீர்கள் என்று அவன் அப்பாவிடம் சாதித்திருக்கிறான். சார் கத்துவார், நான் ஓடி ஒளியலாம் என்று டாய்லெட் பக்கம் நகர்ந்திருந்தேன். அவர் கத்தவில்லை. தன் போனைக் காட்டி, பதினோரு மணிக்கு இங்கே பேசியதாகக் காட்டுகிறது, எனக்கு ஞாபகமே இல்லை என்றார். பாய் தன் போனை எடுத்தார். அதில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகுமாம். எனக்கு அதுவரை தெரியாது.

ஷெட் முழுக்கக் கேட்கும்படி என் வேலை ஒலித்தது. அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் நொடியில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் குரலை, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை, அரைத் தூக்கத்தில் பேசியிருக்கிறேன் போல, உங்களைச் சந்தேகப்பட்டு வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பாயிடம் கைகூப்பினார். பாய் பதறிப்போய், வேண்டுமானால் வெள்ளை வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சார் தலையாட்டி மறுத்துவிட்டு, வண்டியின் பெயர் மாற்றும் தாளில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். "வேணாம் பாய், பையனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் போல, அவன் முன்னாடி நான் பேச்சு மாறக் கூடாது. அதாவது, மெதுவாத்தான் ஓட்டுவான்."

என் சொந்தக் குரல்

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கப் போனேன். கொடுத்தால் முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை, நாளை காலை நிகில் மூடி மட்டும் ஒட்டிய அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருவான். கை நீளவில்லை. போனில் பேசினது நான்தான் சார் என்றேன். என் குரல் எனக்கே சுண்டெலி மாதிரி கேட்டது. அவர் நம்பவில்லை. முதலாளிக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாயா தம்பி என்று இரக்கமாக வேறு கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் செருமினேன். "அதாவது பாய், நான் சிவகுமார் பேசறேன்."

பாய் உட்கார்ந்துவிட்டார். சார் வெளியே போய், சிவப்பு வண்டியின் கதவைத் திறந்து, நிகிலிடம் இறங்கு என்று மட்டும் சொன்னார். அவன் இறங்கி, என்னைப் பார்க்காமல், வெள்ளை வண்டியருகே போய் நின்றான். சார் திரும்பி என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார், பிறகு கோபமே இல்லாத அந்த மெல்லிய குரலில் கேட்டார்: "ஏர்பேக்கெல்லாம் எதுக்குன்னு, உங்கப்பா குரல்ல ஒரு தடவை சொல்லிக் காட்டறியா?"

வெள்ளை வண்டி அன்றே ஹெப்பகோடிக்குப் போய்விட்டது, நான் வண்டி கழுவுவதோடு சரி, ஷெட்டுப் போனை இப்போதெல்லாம் மணி அண்ணன்தான் எடுக்கிறார், அவருக்குப் போனில் "ம்" தவிர வேறெதுவும் பேச வராது, வியாபாரம் என் காலத்தைவிட நன்றாகவே நடக்கிறது.