கைமாறிய முதல் தெரிவு

டொலறஸ் அக்கா பத்தொன்பது வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறார். நிறுத்தத்தில் நிற்பவர்களில் யார் கைகாட்டப் போகிறார், யார் சும்மா போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார். அதே கண்ணால்தான் கூடைப்பந்து விளையாடும் பெண்பிள்ளைகளையும் பார்த்தார். எங்கள் லீக்கில் ஆள் தெரிவு செய்வதில் அவரை அடிக்க ஒருவரும் இல்லை. அந்தக் கண் ஒரே ஒரு தடவை, கண்டதைக் காணவில்லை என்று சொன்னது. அதற்கு நானும் உடந்தை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத்து எதற்கு? டூட்டிங்கில் என் தையல் கடையைப் பார்க்கவே நேரம் காணாது.

முதலில் லீக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டன் தமிழ்ப் பெண்களுக்கான கூடைப்பந்து லீக், ஆறு அணிகள். தொடக்கத்தில் பழைய மாணவிகள் சங்கங்கள்தான் அணி சேர்த்தன. ஒரே சங்கம் ஏழு வருடம் தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக, மற்றவர்கள் விளையாட்டைவிட்டு வழக்குப் பேசத் தொடங்கினார்கள். கடைசியில் யாரோ ஒருவரின் மருமகன், அமெரிக்காவில் செய்வதுபோல டிராஃப்ட் வையுங்கள் என்றார். வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகளை ஒரு ஞாயிறு விளையாடவிட்டுப் பார்ப்பது. அடுத்த ஞாயிறு, போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு, அதற்கு மேலே வந்த அணிக்கு இரண்டாம் தெரிவு, இப்படியே ஆறு வரை; பிறகு அதே வரிசையில் இன்னொரு சுற்று. வேண்டுமானால் ஒரு அணி தன் தெரிவை இன்னொரு அணியுடன் மாற்றிக்கொள்ளலாம். எடுபட்ட பிள்ளை இரண்டு வருடம் அந்த அணிக்கு ஆட வேண்டும். அதன் பிறகு விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

இதில் எங்கள் ஆட்கள் தங்கள் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்கள். ஒவ்வொரு அணியின் தெரிவாளரும் எல்லாப் பிள்ளைகளையும் வரிசைப்படுத்தி, பக்கத்தில் காரணமும் எழுதி, அந்தத் தாளை டிராஃப்டுக்கு முதல் நாள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அமெரிக்காவில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அது பரம ரகசியமாம். எங்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கை அப்படி.

டூட்டிங் அணியின் தெரிவாளர் டொலறஸ் அக்கா. நான் அவருக்குத் துணை. யாழ்ப்பாணத்தில் கொன்வென்டில் படித்தபோது மாகாண அணிக்கு ஆடியவர். "பந்து வைச்சிருக்கிறவளைப் பாக்காதை, அஜந்தா. பந்து இல்லாதவள் என்ன செய்யிறாள் எண்டு பார்" என்பார். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் மூலையில் நிற்கும் ஒரு பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை எங்களுக்குக் கோப்பை எடுத்துத் தருவாள்.

இனி வினைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் கடைசியாக வந்தோம். ஒருத்தி கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டாள், ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி, ஒருத்திக்கு முழங்கால். ஆகவே முதல் தெரிவு எங்கள் கையில். அதே வருடம்தான் டொலறஸ் அக்காவின் ஒரே மகள் மிதுஷாவுக்குப் பதினெட்டு முடிந்து, அவள் பெயரும் பட்டியலில் வந்தது.

எல்லார் வாயிலும் அப்போது பிரீத்தாவின் பெயர்தான். கோயம்புத்தூர்க்காரர்கள், தகப்பன் ஹரோவில் டாக்டர். பிள்ளை ஆறடி. மிதுஷா ஐந்தடி நாலு அங்குலம். கூட்டத்தில் நின்றால் கண்ணில் படமாட்டாள். ஆனால் பிள்ளைகளை விளையாடவிட்டுப் பார்த்த ஞாயிறன்று அவள் நின்ற பக்கம்தான் ஐந்து ஆட்டத்திலும் வென்றது. பந்து எங்கே வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிரீத்தா போட்ட புள்ளிகளில் பாதி மிதுஷா கையில் கொண்டுபோய் வைத்தவை. பந்தையே பார்க்கும் எனக்கே அது விளங்கியது.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் சந்தோசமாகச் சொன்னேன்: "அக்கா, யோசிக்க ஒண்டுமில்லை. மிதுஷாதான் முதலாவது."

டொலறஸ் அக்கா மாட்டேன் என்று தலையாட்டினார். எனக்குக் காரணம் உடனே உறைத்தது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஈஸ்ட்ஹாம் தெரிவாளர் தன் தமையனின் மகளை முதலாவதாக எடுத்தார். அப்போது கூட்டத்தில் எழும்பி, "சொந்தப் பிள்ளையளை முன்னுக்குத் தள்ளுறவைக்கு இந்த மேசையில இடமில்லை" என்று எல்லாரும் கைதட்டப் பேசியவர் வேறு யாருமில்லை, டொலறஸ் அக்காதான். அந்த மனிதர் அதோடு லீக் பக்கமே வரவில்லை.

"நான் இப்ப இவளை முதலாவதா எடுத்தா ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார்.

"அப்ப விடுவமா? ரெண்டாவதா எடுக்கிற சவுத்தாலுக்குப் போகட்டோ?"

"விடவும் ஏலாது. சின்னனில இருந்து அவளுக்கு ஒரே ஆசை, எனக்குக் கீழ விளையாட வேணும் எண்டு."

அங்கேதான் நான் என் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குத்தான் பெரிய மூளை இருப்பதாக நினைப்பு. முதல் தெரிவைக் குட்மேய்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய மூன்றாவதையும் ஒன்பதாவதையும் வாங்குவோம், எங்கள் ஏழாவதோடு சேர்த்து, போன மூன்று பேருக்குப் பதில் மூன்று பேர் வருவார்கள் என்றேன். குட்மேய்ஸ் பிரீத்தாவை எடுக்கும். நாங்கள் மூன்றாவதாக, பட்டியலில் இருந்த இன்னொரு நல்ல பிள்ளை சுப்ரியாவை எடுக்கலாம். மிதுஷாவை ஒன்பதாவதாக எடுத்தால் யாரால் வாய் திறக்க முடியும்?

"அதுவரைக்கும் அவளை ஆர் விட்டுவைக்கப் போகினம்?"

"உங்கட தாளில அவளை ஒன்பதாவதாப் போடுங்கோ. பெத்த தாயே ஒன்பது போட்ட பிள்ளையை ஆர் எடுப்பினம்?"

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "அவளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னா சிநேகிதியளுக்குச் சொல்லிப்போடுவாள். எல்லாம் முடிய நானே சொல்லுறன்" என்றார். மகளும் வேண்டும், நல்ல பெயரும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய அந்தப் பெரிய தெரிவாளருக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை தாள் குழுவில் ஏறியது. ஒன்பது: மிதுஷா. குட்மேய்ஸ் தெரிவாளர் கனகலிங்கம் அண்ணை, பேரம் பேசாமல் மாற்றத்துக்குச் சம்மதித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரைக் கிலோ மீன் வாங்கினாலும் அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற மனிதர் அவர்.

ஞாயிறு, மிச்சம் என்ற ஊரில் ஒரு தேவாலய மண்டபம். மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும். பிள்ளைகள் பின்வரிசையில் பெற்றோருடன் இருந்தார்கள். கனகலிங்கம் அண்ணை எழும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "குட்மேய்ஸ், முதல் தெரிவு, மிதுஷா" என்றார்.

டொலறஸ் அக்காவின் கை மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தது. அந்தப் பிடி எனக்கு நொந்தது.

தேத்தண்ணி நேரத்தில் நான் கனகலிங்கம் அண்ணையைத் தனியாக மடக்கினேன். அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாப் பிள்ளையளுக்கும் நாலு வரி காரணம் எழுதின மனுசி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒண்டும் எழுதேல்லை. டொலறஸுக்குப் பொய்யா ஒரு இலக்கம் போட ஏலும், பொய்யா ஒரு காரணம் எழுத ஏலாது. ஒன்பது எண்டதைக் கண்ட உடனயே நான் முடிவெடுத்திட்டன், பிள்ளை." பிறகு சிரித்தார். "பயப்பிடாதை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." அவர் சொல்லவும் இல்லை. மிதுஷாவின் கோபம் அவர் அணிக்கு நல்லதுதானே!

அன்று பின்னேரம் மிதுஷாவையும் தாயையும் நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பின்சீட்டில் இருந்து அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒன்பதாவதா, அம்மா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஒன்று வந்திருக்காது. ஆனால் தந்திரம் பலித்திருந்தால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். தோற்றுப்போன தந்திரத்தை எந்த முகத்தோடு சொல்வது? பொய்த் தாள் போட்டது வெளியே தெரிந்தால் மேசையிலிருந்தும் எழுப்பிவிடுவார்கள். டொலறஸ் அக்கா முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் கண்டதைத்தான் போட்டன்."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மிதுஷா அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. விடியக் காலையில் எழும்பி ஓடத் தொடங்கினாள். பயிற்சிக்கு நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறி, மூர்கேட்டில் மாறி, எலிசபெத் லைனில் குட்மேய்ஸ் போவாள். ஒரு வழிக்கே ஒன்றேகால் மணித்தியாலம். இரண்டு வருடம் மழை, பனி, ரயில் வேலைநிறுத்தம் ஒன்றும் பார்க்கவில்லை. இடது கையாலும் பந்தைப் போடப் பழகினாள். வீட்டில் மரியாதைக்குக் குறையில்லை. சாப்பிட்டாயா, ஓம். வாறியா, இல்லை, போறன். அவ்வளவுதான். டொலறஸ் அக்கா மகளின் ஆட்டங்களுக்குப் போய், எதிரணித் தெரிவாளராகப் பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு வருவார். கைதட்டவும் அவருக்கு உரிமை இல்லாதது போலிருந்தது.

ஆனாலும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டு வருடம் முடிய மிதுஷா விரும்பிய அணிக்கு வரலாம். "அப்ப வருவாள். அவள் வரேக்க எல்லாத்தையும் சொல்லுவன்" என்று என் கடைக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.

இரண்டாவது வருட இறுதிப் போட்டி எங்களுக்கும் குட்மேய்ஸுக்கும். பதினொரு புள்ளியால் தோற்றோம். மிதுஷாதான் சிறந்த வீராங்கனை. எல்லாரும் படம் பிடித்து முடிய, அவள் வியர்வையோடு நேரே எங்களிடம் வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பை நாங்கள் காணவில்லை.

"இப்ப சொல்லுங்கோ அம்மா. இப்ப நான் எத்தனையாவது?"

அவள் அதைக் கேட்பதற்காகத்தான் அத்தனை காலையும் ஓடியிருக்கிறாள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. முதலாவது என்ற ஒரு சொல் போதும். அவள் அந்த வாரமே டூட்டிங்குக்கு வந்திருப்பாள்.

டொலறஸ் அக்கா அழுதுவிட்டார். "அண்டைக்கும் நீதான் முதலாவது, குஞ்சு. எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆட்களின் வாய்க்குப் பயந்தது, மாற்றம், தாள், எல்லாம். நானும் இடையில் புகுந்து, யோசனை என்னுடையது என்றேன். இப்போதாவது உண்மை தெரிந்தால் பிள்ளையின் மனம் ஆறும் என்றுதான் இருவரும் நினைத்தோம். கிழட்டுப் புத்தி.

மிதுஷாவின் சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது. அவள் கத்தவில்லை.

"நீங்கள் என்னைப் பிழையாக் கணிச்சிட்டீங்கள் எண்டு நினைச்சன், அம்மா. அது பரவாயில்லை. எல்லாரும் பிழை விடுறதுதானே? அதைப் பிழையெண்டு காட்டினாச் சரி எண்டுதான் இவ்வளவும் செய்தன்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "நீங்கள் சரியாத்தான் கணிச்சிருக்கிறீங்கள். தெரிஞ்சுகொண்டுதான் என்னை ஒன்பதாவதாப் போட்டனீங்கள். இதுக்கு நான் எங்க போய் ஓடுறது?"

டொலறஸ் அக்கா அவளுடைய கையைப் பிடிக்கப் போனார். அவள் விலகவில்லை, பிடிக்க விட்டாள். கொஞ்சம் பொறுத்து, "அணி பார்த்துக்கொண்டு நிக்குது" என்று சொல்லி, குட்மேய்ஸ் பிள்ளைகளின் மினிபஸ்ஸுக்குப் போனாள். அடுத்த கிழமை குட்மேய்ஸுக்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தாள். டொலறஸ் அக்கா தெரிவாளர் மேசையை விட்டே எழும்பிவிட்டார். அவர் கட்டாயப்படுத்தியதால் இப்போது டூட்டிங்குக்கு ஆள் தெரிவு செய்வது நான்.