தோள் மாற்றும் இடம்

போன வாரம் கோச்சடை வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஸ்வெட்டர் கீழே விழுந்தது. சாம்பல் நிறம், முழங்கையில் ஓட்டை. சின்னவள் அதைத் தூக்கிப் பிடித்து, "ஏம்ப்பா, மதுரையில யாருப்பா ஸ்வெட்டர் போடுவா?" என்று சிரித்தாள். பெரியவன், "அப்பாவுக்குக் குளிருதாம்" என்று ஃபேனைக் கூட்டி வைத்தான். அன்றைக்கு நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறெங்காவது போய்விடுவேன் என்று உங்கள் அம்மா சொல்வாள். எழுதினாலும் அப்படித்தான் போவேன். ஆனால் நீங்கள் கொட்டாவி விடுவது எனக்குத் தெரியாது.

ராத்திரி அதை மடித்து வைக்கும்போது மோந்து பார்த்தேன். அந்துருண்டை வாசத்துக்கு அடியில் லேசாக விறகுப் புகை இருந்தது. இத்தனை வருசம் ஒரு வாசம் துணியில் தங்குமா, நானே நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

உங்கள் அம்மாவை நான் பார்ப்பதற்கும் முந்திய காலம். வில்லாபுரத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். எங்கள் சபையிலிருந்து ஒரு சின்னக் குழு இலங்கை மலையகத்துக்கு இரண்டு வாரம் ஊழியத்துக்குப் போனது. நானும் போனேன். தேவன் அழைத்தார் என்று சபையில் சாட்சி சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் வழக்கமாக டோலக் அடிக்கிறவருக்கு அம்மை போட்டிருந்ததும் உண்மை.

எங்களைக் கூட்டிப்போனவர் ரத்தினம் அண்ணன். தபால் ஆபீசில் வேலை, சபையில் பாடகர் குழுவுக்குத் தலைவர். அலங்காநல்லூர்க்காரர். வாடிவாசல் பக்கம் நின்று வளர்ந்தவன் எதற்கும் பின்வாங்க மாட்டான் என்று அடிக்கடி சொல்வார். "குளிரு எலும்பைத் தின்னுரும்டா, எம்புட்டு வெலையானாலும் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்க" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் மாசி வீதியில் போய் இந்த ஸ்வெட்டரை வாங்கினேன். முதல் தடவையாக விமானம் ஏறி, பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தவித்து, மாட்டி முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. அங்கிருந்து மலைக்குப் போன வேன் பயணம்தான் நீளம். வழியெல்லாம் நான் வாந்தி எடுத்ததை விட்டுவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட அறையில் தங்கினோம். பகலில் அவர்களுடைய சின்ன வேதக்கோயிலுக்கு வெள்ளையடித்தோம், பிள்ளைகளுக்குக் கதை சொன்னோம். சாயங்காலம் வரிசையாக ஒட்டிக்கட்டிய லயத்து வீடுகளில் ஜெபம். ஒவ்வொரு வீட்டிலும் பால் இல்லாத தேத்தண்ணி கொடுப்பார்கள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். நான் முதல் வாயிலேயே சீனியை முழுசாகத் தின்றுவிட்டுக் கசப்போடு உட்கார்ந்திருப்பேன். அங்கே செல்வி என்ற பெண் இரண்டாவது தடவை சீனி போட்டுவிட்டு, "அண்ணே, அவசரப்படாதீங்க" என்பாள்.

செல்விதான் அந்தக் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். கொழுந்து பறிக்கிற வேலை. அப்பா யாக்கோபு நெஞ்சுச் சளியில் படுத்திருந்தார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை அவர்களும் பாடினார்கள். வார்த்தை அதே வார்த்தை, மெட்டு மட்டும் கொஞ்சம் வேறு. இரண்டாவது அடி முடியும் இடத்தில் கடைசி வார்த்தையை நீளமாக இழுத்து, மூச்சு விட்டு, அப்புறம்தான் மேலே போவார்கள். அந்த இடத்தில் என் டோலக் தனியாக ஓடி, அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"அங்க எதுக்கு தங்கச்சி இழுக்குறீக? தாளம் கெட்டுப்போகுதுல்ல" என்றார் ரத்தினம் அண்ணன்.

"எங்க ஊர்ல அப்படித்தான்ணே."

"நேராப் பாடிப் பாருங்க. எம்புட்டு நல்லா இருக்கு பாருங்க."

ஒரு வாரம் தினமும் பயிற்சி. அங்குள்ள இளவட்டங்களுக்கு டோலக்கோடு வேகமாகப் பாடுவது பிடித்துப்போய்விட்டது. தேயிலைக்குள் நின்றுகொண்டும் எங்கள் மெட்டில் பாடினார்கள். ரத்தினம் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்ள, வந்ததுக்கு ஒண்ணாச்சும் உருப்படியாச் செஞ்சோம்டா" என்றார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலையில் செல்வி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "அப்பா போயிட்டாருண்ணே" என்றாள். ரத்தினம் அண்ணன் ஜெபித்தார். பிறகு, "கவலைப்படாத தங்கச்சி, அடக்கத்துக்குப் பாட்டெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அவள் போகவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு மட்டும் நீங்க பாடாதீங்கண்ணே. டோலக்கும் வேணாம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, எங்க மேல எதும் வருத்தமா?"

"இல்லண்ணே. கல்லறை உச்சியில இருக்கு. பெட்டியத் தூக்கிட்டு ஏறணும். அந்தப் பாட்டுல இழுக்குறோமே, அப்பத்தான் நின்னு தோள் மாத்துவாங்க. உங்க மெட்டுல அதுக்கு எடமில்லண்ணே." முந்தானையை விட்டுவிட்டுச் சொன்னாள்: "பயலுக வாயில இப்ப உங்க மெட்டுதான் வருது. வழுக்குப் பாதை. நாலு பேரும் ஒண்ணா நிக்கலன்னா அப்பா சரிஞ்சிருவாரு."

நமக்கு இங்கே எல்லாம் சமதரை. பெட்டியைத் தூக்கினால் நேரே நடந்துவிடலாம். ஒரு பாட்டுக்குள் தோள் மாற்ற இடம் விட்டு வைப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

மத்தியானம் தூறலில் பெட்டியைத் தூக்கினார்கள். செல்வி பாட, எல்லாரும் கூடப் பாடினார்கள். முதல் இழுப்பு வந்தபோது அவள் பயந்ததுதான் நடந்தது. முன்னால் தூக்கிய இரண்டு பையன்களும் நிற்காமல் எங்கள் மெட்டிலேயே அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். பின்னால் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ "ஏய், ஏய்!" என்று கத்தினார்கள். செல்வி மட்டும் அந்த வார்த்தையை விடவில்லை. குரல் உடைந்தும் இழுத்துக்கொண்டே நின்றாள். பையன்கள் சுதாரித்து நின்ற பிறகுதான் மூச்சு விட்டாள்.

அப்போது எங்களோடு பின்னால் வந்த ரத்தினம் அண்ணன் கூட்டத்தைத் தாண்டி முன்னால் ஓடினார். பெட்டிக்கு எதிரே திரும்பி நின்றுகொண்டு, மலையில் பின்பக்கமாகவே ஏற ஆரம்பித்தார். வாயைத் திறக்கவில்லை. இழுக்கும் இடம் வரும்போது பாடகர் குழுவுக்குக் காட்டுவது போல வலது கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினார். செல்வி மூச்சு விட்டதும் கையை இறக்கினார். பையன்கள் அந்தக் கையையே பார்த்து ஏறினார்கள். அலங்காநல்லூர் வீரம் தோல் செருப்புக்குள் நிற்கவில்லை. இரண்டு தடவை சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதும் கை மேலேயேதான் இருந்தது.

பாதி வழியில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, சும்மாதானே வாரீங்க, தோள் குடுங்க" என்றார். கொடுத்தேன். பத்து எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குப் பாட்டின் பொருள், ஊழியம், எதுவும் நினைப்பில் இல்லை. அந்த வார்த்தை எப்போது வரும் என்று மட்டும் காத்திருந்தேன். அது வந்து, நீண்டு, இன்னொருவர் தோள் என் தோளுக்குப் பக்கத்தில் நுழைந்து பாரம் இறங்கிய அந்த நொடியில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். யாக்கோபு ஐயா எங்கேயும் சரியாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மதுரைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தினம் அண்ணன் அந்த இடத்தில் இழுத்துப் பாடினார். "அண்ணே, சிலோனை அங்கயே விட்டுட்டு வரலையா?" என்று பின்வரிசையில் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் இழுக்கவில்லை.

இவ்வளவும் நினைவுக்கு வந்ததால், நம்பரைத் தேடிப் பிடித்து நேற்று செல்விக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறானாம். யாரென்று சொன்னதும், "சீனியை இன்னும் முதல்லயே திங்கிறீங்களாண்ணே?" என்றாள். ஊர் எப்படி என்று கேட்டேன். கல்லறை வரைக்கும் கொங்கிரீட் ரோடு போட்டாகிவிட்டது, வேன் போகிறது என்றாள்.

"நல்லதுதான்ணே. யாருக்கும் தோள் வலியில்ல. மழையில பயமில்ல."

"பாட்டு?"

"பாடுவோம். வேனுக்குள்ள உக்காந்து பாடிருவோம்."

அந்த இரண்டாவது அடியை மட்டும் ஒரு தடவை பாடச் சொன்னேன். "இப்பவா? அடுப்புல சோறு கெடக்குண்ணே" என்று சிரித்துவிட்டுப் பாடினாள். குரலில் வயது ஏறியிருந்தது, சுதி அப்படியே இருந்தது. கடைசி வார்த்தைக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தேன். அவள் எங்கேயும் நிற்காமல், எங்கள் மெட்டில், நேரே அடுத்த அடிக்குப் போய்விட்டாள்.