அம்மா வேலையை விட்ட காரணம்

1. திருப்பதியில் எங்கள் அலுவலகப் பயிற்சியில், வாழ்க்கையில் விட்டுக்கொடுக்க முடியாதது எது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார்கள்.
2. ஜன்னல் வழியே மாங்கூழ் காய்ச்சும் வாசனை வந்தது.
3. என் முறை வந்தபோது எழுந்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றேன்.

அப்போதெல்லாம் சித்தூரில் அம்மாவின் சேலையில் அந்த வாசனை இருக்கும். சீசன் முழுக்க அவள் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவாள். மாங்காய்க் காம்பில் வடியும் பால் பட்டு விரல்கள் வெந்திருக்கும். ஒருநாள் மதியமே திரும்பிவிட்டாள். பழம் திருடினாள் என்று, கூட வேலை செய்தவளின் சேலையை எல்லார் எதிரிலும் உதறச் சொன்னானாம் மேஸ்திரி.

"உன்னையா சொன்னான்?" என்றார் நைனா.

"இல்ல."

"மத்தவளுங்க வேலை செஞ்சிக்கினுதான இருக்காளுங்க? நீ மட்டும் என்ன மகாராணியா?"

"தெரியல. அங்க நிக்க முடியல."

அதற்குமேல் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. அதன்பின் வீட்டில் எது குறைந்தாலும் நைனா அவளை மகாராணி என்றே கூப்பிட்டார். அவள் சோறு போட்டுவிட்டு நகர்வாள்.

பயிற்சியில் ஒருவழியாக, "அடுத்தவங்க மானமும் என் மானம்தான்" என்றேன். மாலையில் நைனாவுக்குப் போன் செய்து, அம்மா வேலையை விட்டது அதற்காகத்தான் என்று சொன்னேன்.

"இத அவளே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.