கோணலாக உடைந்த தேங்காய்

செய்ய வேண்டிய வேலைகளை நினைவூட்டும் செயலி ஒன்றை வடிவமைப்பதுதான் எனக்குப் பிழைப்பு. வேலை முடிந்ததும் வெறுமனே டிக் அடித்தால் போதாது, மனசு ஜில்லென்று ஆகவேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. மண்டையைக் குடைந்து கடைசியில் தேங்காயைப் பிடித்தேன். முடித்த வேலையின் மேல் விரலை அழுத்தினால் படாரென்று ஒரு தேங்காய் உடையும். அலுவலகத்தில் சீனத் தோழிகள்கூட உடைத்துத் தள்ளினார்கள். ஒரே மாதிரி உடைந்தால் அலுத்துவிடுமே என்று, ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக உடையும்படி செய்தேன். அந்தப் புத்திசாலித்தனம்தான் என் தலையில் விடிந்தது.

அப்போது நானும் கணவரும் ஃபேரர் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் சமையலறை ஜன்னலை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. மாலை ஏழு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். தேக்கா சந்தைக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். செயலியில் ‘வீடு பற்றி முடிவெடுக்கணும்’ என்றிருந்ததைக் கணவர் ஆசையாக அழுத்தினார். தேங்காய் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சின்னக் கிண்ணமாகவும் உடைந்தது. மனிதரின் முகம் சுருங்கிவிட்டது.

“கோணலா உடைஞ்சிருச்சு. இந்த வீடு வேணாம் லா.”

கப்பல் பட்டறையில் இன்ஜினியர், பேச்சைப் பாருங்கள். அது நான் வரைந்த தேங்காய் என்றேன். வரைந்தது நீதான், இப்படி உடையச் சொன்னது யார் என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

நிஜத் தேங்காயே நியாயம் சொல்லட்டும் என்று அவரைச் சிராங்கூன் ரோட்டுக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய், அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். வழியெல்லாம் அவரைக் கேலி செய்துகொண்டு வந்தவள், குருக்கள் தேங்காயை ஓங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பிள்ளையாரே, அந்த ஜன்னலை மட்டும் கொடுத்துவிடு.

உடைந்தது. உள்ளே அழுகல்.

“வேணாங்க, விட்டுடலாம்,” என்றேன்.

கணவரோ முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். “அழுகலா இருந்தா கண்ணு பட்டதெல்லாம் கழிஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஏஜென்ட்டுக்கு போன் போடு.”

வீடு எங்களுக்கே கிடைத்தது. மறுநாள் முதல் வேலையாக, இனி எல்லாத் தேங்காயும் சரிபாதியாகத்தான் உடைய வேண்டும் என்று மாற்றினேன். மேலாளர் காரணம் கேட்டார். செயலியைப் பயன்படுத்திய ஒருவர் ரொம்பப் பயந்துவிட்டார் என்றேன். உன் கணவர்தானே என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.